பத்து ரூபாய்: உலோகமா, தாளா?

தமிழ்நாட்டில் பல ஊர்களில் பத்து ரூபாய் நாணயத்தை நீட்டினால் கடைக்காரர் கையை இழுத்துக்கொள்கிறார். “இது இங்க போகாதுங்க, நோட்டா குடுங்க” என்கிறார். அதே கடைக்காரர், நடுவில் கிழிந்து செல்லோ டேப் ஒட்டிய, எண்ணெய்ப் பிசுக்கேறிய பத்து ரூபாய் நோட்டை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டுக் கல்லாவில் போட்டுக்கொள்கிறார். சட்டப்படி இரண்டும் செல்லும். பத்து ரூபாய் நாணயம் செல்லும் என்று ரிசர்வ் வங்கி 2016இலேயே சொன்னது. 2018 ஜனவரியில் மறுபடியும் அறிக்கை விட்டது. அதுவரை வெளிவந்த 14 வடிவங்களையும் பட்டியலிட்டு, எல்லாமே நல்ல காசுதான் என்றது. சந்தேகம் கேட்க 14440 என்ற இலவச எண்ணையும் கொடுத்தது. நாணயத்தை மறுக்கக் கூடாது என்று அரசுப் போக்குவரத்துக் கழகங்கள் நடத்துநர்களுக்குச் சொல்ல வேண்டிய நிலையும் வந்தது.

இந்த நாணயம் செல்லாது என்ற பேச்சை வெறும் வதந்தி என்று ஒதுக்கிவிடலாம். ஆனால் ஒரு வதந்தி இத்தனை ஆண்டு நிற்கிறது என்றால் அதற்கு ஊன்றிக்கொள்ள இடம் கிடைத்திருக்கிறது என்று பொருள். அந்த இடம் நம் நாணயங்களின் வடிவமைப்பில் இருக்கிறது. சில்லறைக்கு உலோகம் நல்லதா, தாள் நல்லதா என்ற கேள்வியைச் செலவுக் கணக்கோடு முடித்துவிட முடியாது. அதை நடத்துநரின் கையிலும் பூக்காரம்மாவின் சுருக்குப் பையிலும் பார்வையற்றவரின் விரல்நுனியிலும் வைத்துப் பார்க்க வேண்டும்.

முதலில் செலவுக் கணக்கு. பத்து ரூபாய் நாணயம் ஒன்றை அடிக்க 5 ரூபாய் 54 காசு ஆகிறது என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் 2018இல் பதில் கிடைத்தது. பத்து ரூபாய் நோட்டு அச்சிட ஏறக்குறைய ஒரு ரூபாய்தான். ஆக, ஒரு நாணயத்தின் செலவில் ஐந்து நோட்டுக்கு மேல் அடித்துவிடலாம். ஆனால் நாணயம் இருபது ஆண்டுக்கு மேல் உழைக்கும். கையிலிருந்து கைக்கு ஓயாமல் ஓடும் சிறு நோட்டு அதற்குள் எத்தனையோ முறை கிழிந்து, வங்கிக்குத் திரும்பிப் போய், அழிக்கப்பட்டு, புதிதாக அச்சாகி வரவேண்டும். பெரிய நோட்டு பெட்டியில் தூங்கும். சிறு நோட்டுக்குத் தூக்கமே இல்லை. கணக்கு உலோகத்தின் பக்கம் சாய்வது அதனால்தான்.

இந்தக் கணக்கைப் போட்டுச் செயலில் இறங்கிய நாடுகளின் அனுபவம் தெளிவானது. கனடா 1987இல் பதினொரு பக்கமுள்ள ஒரு டாலர் நாணயத்தைக் கொண்டுவந்தது. 1989இல் ஒரு டாலர் நோட்டை நிறுத்திவிட்டது. பிரிட்டன் 1983இல் ஒரு பவுண்டு நாணயத்தை வெளியிட்டு, 1988இல் நோட்டை விலக்கிக்கொண்டது. இரண்டு இடத்திலும் மக்கள் முணுமுணுத்தார்கள், பிறகு பழகிக்கொண்டார்கள். அமெரிக்கா செய்தது வேறு. 1979இல் சூசன் அந்தனி உருவத்தோடு ஒரு டாலர் நாணயம் வந்தது. அது கால் டாலர் நாணயத்தைவிட இரண்டு மில்லிமீட்டர் சொச்சம்தான் பெரிது. நிறமும் அதே வெள்ளை. கடையில் கால் டாலர் என்று நினைத்து ஒரு டாலரைக் கொடுத்தவர்கள் அந்தக் காசையே வெறுத்தார்கள். 2000இலும் 2007இலும் பொன்னிறத்தில் மீண்டும் முயன்றார்கள். ஆனால் நோட்டை மட்டும் நிறுத்தவில்லை. நாணயங்கள் கிடங்குகளில் குவிந்தன. 2011 டிசம்பரில், புழக்கத்துக்காக அவற்றை அடிப்பதையே நிறுத்தினார்கள்.

அந்த மூன்று கதையிலும் இரண்டு பாடங்கள் இருக்கின்றன. நாணயமும் நோட்டும் ஒரே மதிப்பில் பக்கத்தில் பக்கத்தில் ஓடினால் மக்கள் நோட்டைத்தான் எடுப்பார்கள். நாணயம் இன்னொரு நாணயத்தோடு குழம்பினால் அதை யாரும் தொட மாட்டார்கள். இந்தியா இந்த இரண்டு தவறையும் ஒருசேரச் செய்துகொண்டிருக்கிறது.

நாமும் ஒரு காலத்தில் வேறு திசையில் போனோம். முதல் உலகப் போரில் வெள்ளி தட்டுப்பாடானபோது, 1917 நவம்பர் 30 அன்று ஒரு ரூபாய் நோட்டு பிறந்தது. வெள்ளி ரூபாயின் இடத்தில் தாள் வந்து உட்கார்ந்த வகையில் அது காசின் வாரிசு. இன்றும் மற்ற நோட்டுகளில் ரிசர்வ் வங்கி ஆளுநர் கையெழுத்திடுகிறார். ஒரு ரூபாய் நோட்டில் மட்டும் நிதித் துறைச் செயலர். 2011ஆம் ஆண்டு நாணயச் சட்டம் ஒரு ரூபாய் நோட்டை நாணயம் என்றே வரையறுக்கிறது. 1994இல் அதை அச்சிடுவது நின்றது. மறு ஆண்டு இரண்டு, ஐந்து ரூபாய் நோட்டுகளும் நின்றன. அந்த முடிவு சரியானது. அதனால்தான் இன்று ஒரு ரூபாய், இரண்டு ரூபாய் நாணயங்களைப் பெரும்பாலும் யாரும் மறுப்பதில்லை. அச்சுக்கூலியே ஒரு ரூபாயைத் தாண்டும் என்ற நிலையில் 2015இல் ஒரு ரூபாய் நோட்டை மறுபடி அச்சிட்டதற்கு நல்ல காரணம் எதுவும் எனக்குப் புலப்படவில்லை. அது கல்யாண வீட்டு மொய்க் கவரிலும் சேகரிப்பவர்களின் ஆல்பத்திலும் போய்ச் சேர்ந்தது. மொய்க் கவரிலும்கூட, முன்பக்கத்தில் ஒட்டியே விற்கும் ஒரு ரூபாய் நாணயம்தான் இன்றும் மேலோங்கி நிற்கிறது.

இனிக் கைக்கு வருவோம். நகரப் பேருந்தில் நடத்துநரைக் கவனித்தால் ஒன்று தெரியும். நோட்டுகளை நீளவாக்கில் மடித்து விரலிடுக்குகளில் செருகியிருப்பார். ஓர் இடுக்கில் பத்து, அடுத்ததில் இருபது, அதற்கடுத்ததில் ஐம்பது. ஐந்நூறும் இருநூறும் பைக்குள். கண்ணை டிக்கெட் கேட்பவரின் முகத்தில் வைத்துக்கொண்டே, எந்த இடுக்கில் எது என்று தெரிந்து உருவிக் கொடுப்பார். நாணயங்கள் எல்லாம் ஒரே தோல்பையில், ஒன்றன்மேல் ஒன்றாக. அதிலிருந்து இரண்டு ரூபாயை எடுக்க அவர் பைக்குள் கையை விட்டுத் துழாவி, நாலைந்தை வெளியே எடுத்து, வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். வண்டி குலுங்கும், பின்னால் ஒருவர் இறங்க அவசரப்படுவார். சில்லறை இல்லாவிட்டால் டிக்கெட்டின் பின்புறம் பாக்கியை எழுதிக் கொடுப்பார். அதை வாங்க மறந்து இறங்கிப் போனவர்கள் நம்மில் எத்தனையோ பேர். நோட்டு அடுக்குவதற்கு ஏற்றது. நாணயம் துழாவுவதற்குத்தான் வாய்க்கும். துழாவும் விரலுக்கு விடை கிடைக்கும்படி நாணயம் அமைந்தால்தான் அது உருப்படும்.

மீன் சந்தையில் நிலைமை தலைகீழ். செதில் ஒட்டிய ஈரக்கையோடு மீன்காரம்மா வாங்கும் பத்து ரூபாய் நோட்டு பருத்தி இழையால் ஆனது; ஈரத்தை உறிஞ்சும், நாற்றத்தையும் பிடித்துக்கொள்ளும். மடிப்பில் நூல்விட்டு, நாலாக மடித்த இடத்தில் ஓட்டை விழுந்து, கடைசியில் இரண்டு துண்டாகும். நாணயத்தை வாளித் தண்ணீரில் அலசிப் போட்டுவிட்டு அடுத்த ஆளைக் கவனிக்கலாம். கிழிந்த நோட்டை வங்கியில் மாற்றலாம் என்று விதி இருக்கிறது. ஐம்பதுக்குக் குறைந்த நோட்டில் பெரிய துண்டு பாதிப் பரப்புக்கு மேல் இருந்தால் முழு மதிப்பு கிடைக்கும். ஐம்பதும் அதற்கு மேலும் என்றால், 80 சதவீதத்துக்கு மேல் இருந்தால் முழுசு, 40 முதல் 80 வரை பாதி. ஆனால் பத்து ரூபாய்க்காக ஒரு பொழுது வியாபாரத்தை விட்டுவிட்டு வங்கி வரிசையில் யார் நிற்பார்கள்? கிழிந்த நோட்டின் நட்டம் கடைசியாக அதை வாங்கிய ஏழையின் தலையில்தான் விழுகிறது.

இப்போது நம் நாணயங்களின் உருவத்தைப் பார்க்கலாம். இந்தக் கட்டுரையை எழுதத் தூண்டியது இதுதான்.

அணா காலத்தில் ஓரணாவுக்கு ஓரம் பூவிதழ்போல் வளைந்திருந்தது. இரண்டணா, முனை மழுங்கிய சதுரம். போர்க்காலத்தில் செம்பை மிச்சம் பிடிக்க நடுவில் துளையிட்டு அடித்தது ஓட்டைக் காலணா. 1957 ஏப்ரல் முதல் தேதி பதின்ம முறைக்கு மாறியபோதும் இந்த அறிவு தொடர்ந்தது. இரண்டு பைசா அலை ஓரம், ஐந்து பைசா சதுரம், பத்து பைசா பெரிய அலை ஓரம். பிறகு வந்த மூன்று பைசா ஆறு பக்கம். 1982இல் வந்த இருபது பைசா ஆறு பக்கத்தில் இன்னும் பெரியது. எழுதப் படிக்கத் தெரியாத பாட்டி இருட்டில் முந்தானை முடிச்சை அவிழ்த்து, பார்க்காமலேயே சரியான காசை எடுத்துக் கொடுத்தார் என்றால் அதற்குக் காரணம் அந்த வடிவங்கள். 1990களின் இரண்டு ரூபாயும் இந்த மரபில் வந்ததுதான்: பதினொரு பக்கம், தொட்டவுடன் தெரியும். அப்போதைய ஐந்து ரூபாய் 9 கிராம் கனத்தில் தடியாக இருக்கும், வேறெதோடும் குழம்பாது.

அதன்பின் எல்லாம் வட்டமாயின. செம்பும் நிக்கலும் விலை ஏறியதால் துருப்பிடிக்காத எஃகுக்கு மாறினார்கள். அதில் குற்றம் சொல்ல முடியாது. உலோகத்தின் விலை முகமதிப்பை நெருங்கினால் காசு உருக்குலைக்குப் போய்விடும். நம் ஐந்து ரூபாய் நாணயங்கள் வங்கதேசத்துக்குக் கடத்தப்பட்டுச் சவர பிளேடுகளாயின என்று செய்திகள் வந்த காலம் உண்டு. பிழை உலோகத்தில் அல்ல, அளவில் நடந்தது.

1992 முதல் அடித்த எஃகு ஒரு ரூபாயின் விட்டம் 25 மில்லிமீட்டர், எடை 4.85 கிராம். 2011இல் புது வரிசை வந்தது. அதில் இரண்டு ரூபாயின் விட்டம் 25 மில்லிமீட்டர், எடை 4.85 கிராம். அதே உலோகம், அதே வட்டம். அதே 2011இல் வந்த ஒரு ரூபாய் ஏறக்குறைய 22 மில்லிமீட்டர், 3.79 கிராம். அது பழைய எஃகு ஐம்பது காசின் அளவு. ஒவ்வொரு நாணயமும் தனக்குக் கீழே இருந்ததன் உடலுக்குள் புகுந்துகொண்டது. பழையதைத் திரும்பப் பெறாமல் புதியதையும் விட்டதால், ஒரே பையில் அளவாலும் எடையாலும் நிறத்தாலும் வேறுபடாத ஒரு ரூபாயும் இரண்டு ரூபாயும் சேர்ந்து கிடந்தன. நின்று நிதானமாகக் கண்ணால் வாசிக்காமல் சொல்ல முடியாது. பார்வையற்ற ஒருவருக்கு அந்தப் பை முழுவதும் ஊமைக் காசு.

2019இல் வந்த வரிசை நல்லெண்ணத்தோடு செய்யப்பட்டது. பார்வையற்றோர் தொட்டு அறிவதற்கென்று அறிவித்தே வெளியிட்டார்கள். மதிப்பு கூடக் கூட அளவும் கூடும்: ஒரு ரூபாய் 20 மில்லிமீட்டர், இரண்டு 23, ஐந்து 25, பத்து 27. இருபது ரூபாயும் 27தான். ஆனால் அதற்குப் பன்னிரண்டு பக்கம். தனியாகப் பார்த்தால் இதைவிடச் சீரான வரிசை நமக்கு வாய்த்ததில்லை. ஆனால் தனியாகப் பார்க்கும் வசதி யாருக்கும் இல்லை. புது இரண்டு ரூபாயின் 23 மில்லிமீட்டர், 2011இன் ஐந்து ரூபாயின் அளவு. புது ஐந்து ரூபாயின் 25 மில்லிமீட்டர், 2011இன் இரண்டு ரூபாயின் அளவு. நிறமும் எடையும் வேறு என்பது உண்மை. ஆனால் நிறத்தைக் காண முடியாதவர்களுக்காகத்தானே அந்த வரிசையைச் செய்தார்கள்?

பத்து ரூபாய் வதந்தி முளைத்தது இந்த மண்ணில்தான். 2009இல் புழக்கத்துக்கு வந்த அந்த இரு உலோக நாணயம், மஞ்சள் வளையத்துக்குள் வெள்ளை வட்டு என்று பார்க்கவும் தொடவும் தனித்துவமானது. அதை மட்டும் மாற்றாமல் விட்டிருந்தால் மக்கள் பழகியிருப்பார்கள். ஆனால் சில ஆண்டுகளுக்குள் 14 வடிவம். சிலவற்றில் ரூபாய்க் குறியீடு உண்டு, சிலவற்றில் இல்லை. சிலவற்றில் எண்ணுக்கு மேலே பத்துக் கதிர், சிலவற்றில் பதினைந்து. நினைவு நாணயம் என்று தலைவர் படத்தோடு சில. கடைக்காரர் கையில் இரண்டு பத்து ரூபாய் இருக்கிறது. இரண்டும் வேறு வேறு மாதிரி. ஒன்று கள்ளக்காசு என்று அவர் முடிவுகட்டியது அறியாமை இல்லை. நோட்டு விஷயத்தில் நாம் அவருக்குச் சொல்லிக்கொடுத்த எச்சரிக்கையைத்தான் அவர் நாணயத்தில் காட்டினார்.

நோட்டின் வடிவமைப்பில் இந்த ஒழுங்கு ஓரளவுக்கு இருக்கிறது. இப்போதைய வரிசையில் பத்து காப்பி நிறம், ஐம்பது நீலம், நூறு இளம் ஊதா, இருநூறு பளிச்சிடும் மஞ்சள், ஐந்நூறு கல் சாம்பல். பார்வையுள்ளவர் தூரத்திலேயே சொல்லிவிடலாம். ஆனால் நூறுக்கும் இருநூறுக்கும், இருநூறுக்கும் ஐந்நூறுக்கும் நீளத்தில் 4 மில்லிமீட்டர்தான் வித்தியாசம். அகலம் மூன்றுக்கும் ஒன்றே. நூறில் முக்கோணம், ஐந்நூறில் வட்டம் என்று தடவிப் பார்க்கப் புடைப்பு அச்சு உண்டு. நாலு கை மாறியதும் அது தேய்ந்துவிடுகிறது. அதனால்தான் பார்வையற்றவர்கள் ஒவ்வொரு மதிப்பையும் ஒவ்வொரு விதமாக மடித்து வைக்கிறார்கள். 2020இல் ரிசர்வ் வங்கி ‘மணி’ என்ற செயலியைக் கொண்டுவந்தது. நோட்டைக் கேமராவில் காட்டினால் மதிப்பைச் சொல்லும். நல்ல காரியம்தான். ஆனால் இருபது ரூபாய் வாங்க ஒரு கைபேசியை எடுத்து நீட்ட வேண்டியிருப்பது நோட்டின் தோல்வி. பன்னிரண்டு பக்க நாணயம் அந்த வேலையை விரலுக்குள்ளேயே முடித்துவிடுகிறது.

நோட்டுக்கு ஒரு பெருமை உண்டு, அதை மறைக்கக் கூடாது. பின்பக்க மொழிப்பட்டியில் 15 மொழிகள் இருக்கின்றன. கீழிருந்து மூன்றாவது வரி தமிழ். நாணயத்தில் இந்தியும் ஆங்கிலமும் மட்டுமே. கிழக்கிந்தியக் கம்பெனி சென்னை மாகாணத்துக்காக 1807, 1808 வாக்கில் அடித்த இரட்டைப் பணக் காசுகளில் தமிழும் தெலுங்கும் இருந்தன. சுதந்திர இந்தியாவின் புழக்க நாணயத்தில் தமிழ் எழுத்தைத் தேடினால், 2009இன் ஐந்து ரூபாயில் அண்ணாவின் கையெழுத்து கிடைக்கிறது. வட்டத்தில் 15 மொழிக்கு இடமில்லை என்பது சரிதான். அப்படியானால் எல்லா மொழிக்காரருக்கும் புரிகிற அடையாளம் வேண்டும். 2007இல் கை முத்திரைகளோடு வந்த வரிசை அதைத்தான் செய்தது: ஒரு ரூபாயில் ஒரு கட்டைவிரல், இரண்டு ரூபாயில் இரண்டு விரல். எண் தெரியாதவருக்கும் மதிப்பு தெரியும். நான்கே ஆண்டில் அதையும் கைவிட்டார்கள்.

நாணயத்துக்கு எதிராகச் சொல்லப்படும் பாரம் என்ற வாதத்தில் நியாயம் இருக்கிறது. பழைய பத்து ரூபாய் ஒன்றின் எடை 7.71 கிராம். ஆயிரம் ரூபாய்க்கு முக்கால் கிலோவுக்கு மேல். ஒரு லட்சத்துக்கு 77 கிலோ. சட்டமும் இதை அறிந்தே எல்லை வைத்திருக்கிறது: ஒரு ரூபாயும் அதற்கு மேற்பட்ட நாணயங்களும் ஆயிரம் ரூபாய் வரையான தொகைக்குத்தான் செல்லும், ஐம்பது காசு பத்து ரூபாய் வரைக்கும்தான். பத்து ரூபாய் நாணயம் செல்லும் என்று ஊருக்குக் காட்டுவதற்காக 2022இல் தமிழ்நாட்டில் ஒருவர் ஆறு லட்சம் ரூபாயை அந்த நாணயங்களாகவே சேர்த்துக் கார் வாங்கினார். விற்றவர் மறுத்திருந்தால் சட்டம் அவர் பக்கம் நின்றிருக்கும். அவர் வாங்கிக்கொண்டது பாராட்டத்தக்கது.

ஆனால் பாரம் பெருந்தொகைக்குத்தான். சில்லறைக்கு வரும் சங்கடம் வேறு: காசு ஓரிடத்தில் தேங்குகிறது, இன்னோரிடத்தில் பஞ்சம். கோயில் உண்டியலிலும் வீட்டு உண்டியலிலும் குவியும் நாணயம் கடைத்தெருவுக்குத் திரும்பி வருவதில்லை. கடைக்காரர் மீதிக்கு மிட்டாய் கொடுக்கிறார். வங்கிகள் நாணயத்தை வாங்க மறுக்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கி உத்தரவு. நூறு நூறாகப் பையில் கட்டிக் கொண்டுவந்தால் நல்லது என்றும் சொல்லியிருக்கிறது. ஆனாலும் மூட்டையோடு போகிறவரைப் பல கிளைகள் வரவேற்பதில்லை. கைபேசியில் ஸ்கேன் செய்தால் நாணயம் தரும் இயந்திரங்களை 12 நகரங்களில் சோதிப்பதாக 2023இல் ரிசர்வ் வங்கி அறிவித்தது. அவை பேருந்து நிலையங்களுக்கும் சந்தைகளுக்கும் வரவேண்டும். கைபேசிப் பணம் இருக்கும்போது சில்லறை எதற்கு என்று கேட்பவர்கள், கைபேசியே இல்லாத முதியவர் டீக்கடையில் என்ன செய்வார் என்பதையும் சொல்ல வேண்டும்.

இடைப்பட்ட வழியாக பிளாஸ்டிக் நோட்டு பேசப்பட்டது. ஆஸ்திரேலியா 1988இலேயே தொடங்கிவிட்டது. இங்கே கொச்சி, மைசூர், ஜெய்ப்பூர், சிம்லா, புவனேசுவரம் ஆகிய ஐந்து ஊர்களில் பத்து ரூபாய் பிளாஸ்டிக் நோட்டைச் சோதிக்கப்போவதாக அறிவித்தார்கள். அது நம் கைக்கு வந்து சேரவில்லை.

2023 மார்ச் கணக்குப்படி புழக்கத்தில் இருந்த நோட்டுகளின் எண்ணிக்கையில் 19.2 சதவீதம் பத்து ரூபாய் நோட்டு. ஐந்நூறுக்கு அடுத்த இடம் அதற்குத்தான். இத்தனை கோடித் தாளை அச்சிடுவதும் அழிப்பதும் திரும்ப அச்சிடுவதும் வீண். பத்து ரூபாயும் அதற்குக் கீழும் உலோகமாக மட்டுமே இருக்க வேண்டும். இருபது, சில ஆண்டு கழித்து அந்தப் பக்கம் வரலாம். ஆனால் அதற்கு முன் மூன்று வேலைகளை அரசு செய்தாக வேண்டும். 2019 வரிசையின் அளவுகளை இன்னும் இருபத்தைந்து ஆண்டுக்குத் தொடுவதில்லை என்று உறுதி கூற வேண்டும். நினைவு நாணயங்களைப் புழக்கத்தில் விடாமல் சேகரிப்பவர்களுக்கு மட்டும் விற்க வேண்டும். அதோடு, 2011இன் இரண்டு ரூபாயையும் ஐந்து ரூபாயையும் வங்கிகள் வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பப் பெற வேண்டும்.

அதுவரை நாம் செய்யக்கூடியது ஒன்று உண்டு. கடை வைத்திருப்பவர்களே, பத்துக் கதிரோ பதினைந்து கதிரோ, குறியீடு இருந்தாலும் இல்லாவிட்டாலும், பத்து ரூபாய் நாணயத்தை வாங்குங்கள்; மீதிச் சில்லறையாக அதையே கொடுங்கள். சந்தேகம் வந்தால் 14440க்கு ஒரு போன் போடுங்கள். வீட்டு உண்டியலில் சேர்த்து வைத்திருப்பவர்கள் அதை உடைத்து, அந்தக் காசைக் கடைத்தெருவுக்கு அனுப்புங்கள்.